பூட்டாத பக்கம் பொதுவில் சேரக் கூடாது

நிறுவனக் குடும்ப நாள் மேடையின் நடு நாற்காலியில் நிமிர்ந்து வீற்றிருக்கும் குழுத்தலைவர் அவர்களே! பிள்ளைகளைக் கணினிக்குத் தாரைவார்த்துவிட்டுச் சோற்றோடு காத்திருக்கும் தாய்மார்களே! இவன் எப்போது முடிப்பான் என்று கடிகாரம் பார்க்கும் பெரியோர்களே! வணக்கம்.

நான் சலவைக்கடைக்காரன். இந்த நிறுவனத்தில், கணினியை வெளிக் கருவிகளோடு பேசவைக்கும் 'டிரைவர்' நிரல் எழுதுபவள் என் தங்கை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பியது. அவளை விடவே மாட்டேன் என்றது! சிரிக்காதீங்கம்மா, உண்மை.

அடுத்தவன் கணினிக்குள் நம் மெய்நிகர் இயந்திரம், அதாவது கணினிக்குள் ஒரு கணினி, வாடகைக்குக் குடியிருக்கிறது; மருத்துவமனைகளின் விவரம் அதில்தான் இருக்கப் போகிறது. கணினிக்காரனே எட்டிப் பார்த்தாலும் புரியாதபடி அதன் நினைவகம் மறையாக்கப்பட்டிருக்கிறது. வெளியே பேச வேண்டுமே? அதற்காக டிரைவர், நினைவகத்தில் ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்த மறைப் பூட்டைத் திறக்கிறது. வேலை முடிந்ததும் மறுபடி பூட்டி, எல்லா நிரலும் பக்கம் எடுக்கும் பொதுக் கிடங்கில் சேர்க்கிறது. பூட்டு விழவில்லையென்றால்?

"அப்படியே சேர்த்துடுதுண்ணே! அடுத்து எடுக்கிற நிரல், பூட்டியிருக்குன்னு நம்பி நோயாளி விவரத்தை எழுதும். வெளியில இருக்கிறவன் படிப்பான்" என்றாள் தங்கை.

"அப்ப என்னதான் பண்றது?"

"அந்தப் பக்கத்தைக் கிடங்குல சேர்க்கவே கூடாது. தொலைஞ்சா தொலையட்டும்னு ஒதுக்கிடணும்."

நம் தலைவர் என்ன சொன்னாராம்? "எப்பவோ ஒருதரம் தப்புறதுக்கு நினைவகத்தை வீணாக்கணுமாம்மா?" முறைக்காதீங்க தலைவரே, தண்ணி குடிங்க.

ஐயா! என் கடைக்கு மருத்துவமனைப் போர்வை வருகிறது. கொதிகலன் பாதியில் நின்றால், கொதிக்காத போர்வையை வெளுத்த அடுக்கிலா வைப்பேன்? வீணான பக்கம் நட்டம். வெளிப்பட்ட பக்கம் நாசம்! பூட்டச் சொன்னால் போதுமா? பூட்டியதா என்று பார்க்க வேண்டாமா? வீட்டு வாசலைப் பூட்டினாலே ஒருமுறை இழுத்துப் பார்க்கிறோமே!

எல்லா டிரைவரையும் தங்கை திருத்திவிட்டாள், ஒன்றைத் தவிர. அது வலையமைப்பு டிரைவர். எழுதியவர் தலைவர். நேற்றைய சோதனையில் தங்கை வேண்டுமென்றே அதன் பூட்டைத் தவறவிட்டாள். பொய்யாக எழுதிவைத்த ஒரு நோயாளியின் நோய், வெளியே பளிச்சென்று தெரிந்தது! நாளை இதை வெளியிட்டதும் ஒரு மருத்துவமனையின் விவரமெல்லாம் உள்ளே வருகிறது. உண்மையான நோய், உண்மையான தாய், உண்மையான பிள்ளை. அவர்கள் மானத்தை விடவா ஒரு பக்கம் பெரிது?

என்ன தலைவரே, எழுந்துட்டீங்க? திட்டப் போறீங்களா? என்னது... "திருத்தாம நாளைக்கு வெளியிட மாட்டோம்"ங்கிறீங்களா?

கேட்டீர்களா தாய்மார்களே! தட்டுங்கள் கையை! தங்கச்சி, சோத்துத் தட்டைக் கீழ வை, மடிக்கணினியைத் திற. தலைவரும் பக்கத்துல உட்காருவார்.

பொறுமையாய்ச் செவி தந்த அனைவருக்கும் நன்றி. வீட்டுக்குப் போங்கள், கதவைப் பூட்டுங்கள். பூட்டியபின் இழுத்துப் பாருங்கள். வணக்கம்!