கம்பி ஒருத்தன்கிட்ட, துணி ஒருத்தன்கிட்ட

— அந்தக் கணவாய் வழியா நான் வரமாட்டேன்னா வரமாட்டேன்தான். பென்சிலைக் கீழ வை, மாப்ளே.

— ஏன், கேலம் மச்சானுக்கு முட்டி நோகுமோ? சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஒன்றரை மணி நேரம் ஏறணும், அவ்வளவுதான். போன வருஷம் நான் ஏறல?

— ஏறின ராசா, ஏறின. ஏறி என்ன ஆச்சுன்னு கின்டெயில்லேர்ந்து இன்வர்னெஸ் வரைக்கும் தெரியும்.

— யாரால தெரியும்? நீ அமுக்கின பட்டனாலதான தெரியும்!

— ஆரம்பிச்சாச்சு. ரூரி, மேப் மேலேர்ந்து முழங்கையை எடு, சூப்பு கொட்டிடும். அண்ணே, நீயும் வாயை அடக்கு. ரெண்டு பேரையும் எதுக்கு உட்கார வச்சேன்? வழி போடறதுக்கு. மேற்குக் கடல்லேர்ந்து கிழக்குக் கடல் வரைக்கும் எந்தப் பாதை, எந்த ராத்திரி எங்க கூடாரம், அதை மட்டும் பேசுங்க.

— உன் புருஷன் பேச விட்டாத்தான, மார்சலி.

— என் பொண்டாட்டிகிட்டயே என்னைப் பத்திக் கோள் சொல்றியா? கேட்டுக்கோ. நாலு நாள், மூணு ராத்திரி. க்ளெனெல்க் கரையில பின் சக்கரத்தைக் கடல்ல நனைக்கிறோம், கிளம்புறோம். முதல் ராத்திரி கின்டெயில். ரெண்டாம் நாள் கணவாய் ஏறி அந்தாண்ட இறங்கி ஏரி முனையில கூடாரம். மூணாம் நாள் அஃப்ரிக் காட்டுக்குள்ள. நாலாம் நாள் மத்தியானம் பியூலியில முன் சக்கரம் நனையணும். தார் ரோடு கிடையாது, விடுதி கிடையாது, டப்பா கிடையாது.

— கடைசியா என்னமோ சொன்னியே, அது என்ன?

— டப்பா கிடையாது. அந்த ஆரஞ்சு டப்பா. அது என் கண்ணுலயே படக்கூடாது.

— டப்பா இல்லாம நீ இந்த வாசலைத் தாண்ட மாட்ட, ரூரி. போன் எடுக்காத மலை அது. ஆபத்துன்னு பட்டனை அமுக்கினா வானத்து வழியா மீட்புக்குழுவுக்குச் சேதி போகணும்னா அந்த டப்பாவை விட்டா வேற என்ன இருக்கு உனக்கு?

— எனக்கு என்ன இருக்கா? இருபத்திரண்டு வருஷம் மலை மீட்புக்குழுவுல இருந்தவன்டி நான்! எத்தனை பேரைச் சுமந்திருக்கேன் தெரியுமா? கால் சுளுக்கிருச்சுன்னு பட்டன் அமுக்கினவன், மூடுபனிக்குப் பயந்து அமுக்கினவன், ஷூ நனைஞ்சு போச்சுன்னு அமுக்கினவன் ஒருத்தன்! எல்லாரையும் பார்த்துச் சிரிச்சவன் நான். கடைசில என்னையே தூக்கிட்டு வந்தானுங்க. தபால்காரன் ஆர்ச்சி கால்மாட்டுல, அவன் தம்பி தலைமாட்டுல. அந்த ஸ்ட்ரெச்சருக்குப் புதுசா பட்டை தைச்சவனே நான்தான், கேட்டுக்கோ.

— நல்லா தைச்சிருந்த. அறுந்து விழலையே.

— சிரிக்கிறான் பாரு. உனக்குக் குளிருச்சு. பயந்த. அமுக்கின. தலை குனிஞ்சது நான். விட்டிருந்தா விடிஞ்சதும் நானே எழுந்து நடந்து வந்திருப்பேன்.

— அப்படியா ராசா.

— அப்படித்தான்! பதினொரு மாசமா குழுக் கூட்டத்துக்குப் போகல நான். குழுவோட சிவப்பு ஜாக்கெட்டைத் தொடல.

— உன்னை வரவேணாம்னு எவனாவது சொன்னானா?

— சொல்லலடா, அதான் எரியுது. ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல. கடையில பார்த்தா மழையைப் பத்திப் பேசுறான். வேலி போடப் போற இடத்துல பார்த்தா மான் எத்தனை குட்டி போட்டுச்சுன்னு கேட்கிறான். திட்டித் தொலைச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல. இந்த மே மாசம் நான் முழுசா கடந்து முடிக்கணும். டப்பா இல்லாம. முடிச்சிட்டு ஜூன் மாசக் கூட்டத்துக்கு நிமிர்ந்து போவேன். இல்லன்னா அந்தக் கட்டடத்துக்குள்ள இனி கால் வைக்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

— அதுக்கு நான் எதுக்கு? போக வேண்டியதுதான தனியா?

— உன் தங்கச்சி விட்டாத்தான!

— விடமாட்டேன். போனா ரெண்டு பேரும் போங்க, இல்லாட்டி யாரும் போக வேணாம். உருளைக்கிழங்கை ஆற விடாதீங்க. அண்ணே, சாமான் கணக்கை எழுது. யார் சைக்கிள்ல என்ன. முதல்ல கூடாரம்.

— ஆளுக்கொரு கூடாரம். எழுதிட்டேன்.

— ரெண்டு கூடாரமா? ஒன்றரைக் கிலோ கூட! சேத்துல சைக்கிளைத் தள்ளும்போது தெரியும் உனக்கு.

— இதோ வந்துட்டார் தராசுக்காரர். போன வருஷம் இதே மேசையில கோழிக்கறி நிறுக்கிற தராசை வச்சுக்கிட்டு நீ ஆடின ஆட்டம் எனக்கு மறக்குமா? பல் தேய்க்கிற பிரஷ்ஷுக்குக் காம்பு எதுக்குன்னு அறுத்த. என் ஓட்ஸ் ரொட்டியில பாதியை எடுத்து வெளிய வச்ச. "கூடாரக் கம்பி என் சைக்கிள்ல, கூடாரத் துணி உன் சைக்கிள்ல. அடுப்பு உன்கிட்ட, கேஸ் என்கிட்ட." எல்லாம் சமமா பிரிச்சாச்சாம்.

— உலகத்துல எல்லாரும் அப்படித்தான்டா பிரிப்பான்! சைக்கிள்ல கூடாரம் கொண்டு போற எவனையும் கேளு!

— எல்லாரும் பிரிப்பான். பிரிச்சவன் சேர்ந்து போவான். பாதை கவட்டையா பிரியுற இடத்துல நின்னுக்கிட்டு, "ஆத்து வழி கிழவனுங்களுக்கு, ஆம்பளை கணவாய் ஏறுவான்"னு சொல்லிட்டுக் கம்பியோட மேல போனது யாரு?

— நீ பின்னாலயே வருவேன்னு நினைச்சேன்.

— நீ திரும்பி இறங்குவேன்னு நான் நினைச்சேன்.

— ஆக, ஒருத்தன்கிட்ட வெறும் கம்பி. இன்னொருத்தன்கிட்ட வெறும் துணி. ஒருத்தன்கிட்ட அடுப்பு, ஒருத்தன்கிட்ட கேஸ். ரெண்டு கழுதையும் சேர்ந்தாத்தான் ஒரு கப் டீ. இதைப் போய் வெளிய சொல்லவே எனக்கு வெட்கமா இருந்துச்சு.

— நீ சும்மா இரு மார்சலி. மே மாசம் ஆலங்கட்டி கொட்டும்னு யாருக்குத் தெரியும்?

— குழுவுல இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்குத் தெரியணும்.

— மச்சான், என் கையால அடி வாங்காத!

— அடி. அடிச்சிட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்லு. மேல போனதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? உன் வாயால ஒரு தடவை சொல்லு, நான் கேட்டதே இல்ல.

— என்னத்தைச் சொல்ல? கணவாய் உச்சியில கற்குவியல் இருக்கும்ல, அதைத் தாண்டினேன். ஓடை பெருகிக் கிடந்துச்சு. கடக்கலாமா வேணாமான்னு நின்னேன். கை மரத்துப் போச்சு. அப்புறம் ஆர்ச்சி மூஞ்சி.

— நடுவுல?

— நடுவுல என்ன? அசந்திருப்பேன்.

— கற்குவியலைத் தாண்டினது மூணு மணி இருக்கும். ஆர்ச்சி மூஞ்சி பதினொரு மணி. எட்டு மணி நேரம் ஆலங்கட்டியில நின்னுக்கிட்டே அசந்தியா? புதுசா சேர்றவனுங்களுக்கு வருஷா வருஷம் பாடம் எடுப்பியே, குளிர் உடம்புக்குள்ள போயிட்டா ஒருத்தன் சட்டையைக் கழட்டுவான், சிரிப்பான், அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காதுன்னு?

— அது வெளியூர்லேர்ந்து வர்ற சுற்றுலாக்காரனுக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல. பேச்சை மாத்தாத. டப்பா வேணாம்னு எழுது.

— டப்பாவை இந்தத் தடவை நான் வச்சுக்கிறேன்னு எழுதுறேன்.

— இந்தத் தடவையா? போன தடவையும் நீதான வச்சிருந்த! உன் காசு, உன் பேர்ல பதிஞ்ச டப்பா!

— என் காசுதான். என் பேருதான்.

— அப்புறம் என்ன?

— விடு.

— என்னடா விடு? எதுக்கெடுத்தாலும் பதினொரு மாசமா "விடு, விடு"ன்னே சொல்றான். திருடன் மாதிரி. அமுக்கினேன், பயந்துட்டேன், மன்னிச்சிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லத் துப்பிருக்கா உனக்கு? கோழை!

— இன்னொரு தடவை சொல்லு.

— கோழை.

— சரி. சரி மாப்ளே. நானும் மனுஷன்தான். வேலைக்குன்னு படகுல கயிறு வீசப் போனா, "கேலம், காத்தடிக்குது, பட்டனை அமுக்கு"ங்கிறானுங்க. பப்புக்குப் போனா, "பீர் தீர்ந்து போச்சு, கேலம் ஹெலிகாப்டரைக் கூப்பிடுவான்"ங்கிறானுங்க. நான் சிரிச்சேன். குடிச்சிட்டு வந்தேன். ஆனா நீ சொல்லக்கூடாது அதை. உலகத்துல நீ ஒருத்தன் சொல்லக்கூடாது. டப்பா உன் சைக்கிள்ல இருந்துச்சு.

— என்ன?

— கைப்பிடியில கட்டினது நீதான். "வானம் தெரியிற இடத்துல இருக்கணும், உன் சைக்கிள்ல முன்னால துணி மூட்டை மறைக்குது"ன்னு என்கிட்டேர்ந்து வாங்கிக் கட்டின.

— பொய். குழு வந்தப்ப உன் கையில இருந்துச்சு. ஆர்ச்சி சொன்னான்.

— உன் கையிலேர்ந்து நான் பிடுங்கினதால என் கையில இருந்துச்சு. ஆறு மணி வரைக்கும் ஒரு பாறைக்கடியில துணியைப் போர்த்திக்கிட்டு உன்னைத் திட்டிக்கிட்டே கிடந்தேன். அப்புறம் யோசிச்சேன், நான் துணியைச் சுத்திக்கிட்டாவது கிடக்கேன், இவன் வெறும் கம்பியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? திரும்பி வந்து கணவாய் ஏறினேன். கிழவன்தான், ஏறினேன். ஓடைக்கரையில மேல சட்டை இல்லாம உட்கார்ந்திருந்த. சிரிச்ச. டப்பாவுல விளக்கு மின்னி மின்னி அணையுது. உன் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுத்தான் அதை எடுத்தேன்.

— இல்ல.

— உன்னையும் என்னையும் சேர்த்துத் துணிக்குள்ள சுத்திக்கிட்டு, ஆர்ச்சி வர்ற வரைக்கும் உன்னைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். என் பொண்டாட்டியைக் கூட நான் அவ்வளவு நேரம் கட்டிக்கிட்டுக் கிடந்ததில்ல. யாரு அமுக்கினதுன்னு ஆர்ச்சி கேட்டான். நான்தான்னேன்.

— எதுக்குச் சொன்ன?

— எதுக்கா? அமுக்கினவனைப் பார்த்தெல்லாம் நீ சிரிச்ச சிரிப்பு எனக்குத் தெரியாதா?

— யார்றா கேட்டா உன்னை? யார்றா உன்கிட்டப் பிச்சை கேட்டா? பதினொரு மாசம் என்னை ஆட வச்சு வேடிக்கை பார்த்திருக்க! ஊருக்கெல்லாம் உன்னைக் கோழைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே, அப்பவாவது வாயைத் திறந்தியா? ஆர்ச்சிக்குத் தெரியுமா? குழுவுல எல்லாருக்கும் தெரியுமா? அதான் மழையைப் பத்திப் பேசுறானுங்களா?

— நான்தான்னதும் ஆர்ச்சி என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், மேற்கொண்டு கேட்கல. அவன் மத்தவங்ககிட்ட என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது.

— தெரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்ப பயந்தவன் நான்தான். ஷூ நனைஞ்சவன் நான்தான். மார்சலி, மேப்பை மடி.

— மடிக்க மாட்டேன். சாப்பிடு.

— மடிங்கிறேன்! நான் எங்கயும் போகல. ஜாக்கெட்டை நாளைக்கே ஆர்ச்சி வீட்டு வாசல்ல போட்டுட்டு வந்துடறேன். தன் உயிருக்குப் பயந்து பட்டன் அமுக்கினவன் அடுத்தவனைத் தூக்கப் போறானாம்.

— பயந்தா என்ன மாப்ளே? எவனுக்குத்தான் உயிர் மேல ஆசை இல்ல? உட்காரு.

— உன் ஆறுதல் எனக்கு வேணாம்!

— ரூரி, கத்தாத. நீ உன் உயிருக்குப் பயந்து அமுக்கல.

— உனக்கு எப்படித் தெரியும்? நீ அங்க இருந்தியா?

— பட்டன் அமுக்குறதுக்கு முன்னாடி டப்பாவுல ஒரு சேதி தட்டி அனுப்பியிருக்க. அஞ்சு மணி பத்து நிமிஷத்துக்கு. எனக்கு வந்துச்சு. இவன் "நான்தான்"னு அவிழ்த்து விட்ட பொய்யும் எனக்கு அன்னைக்கே தெரியும்.

— தெரிஞ்சுமா தங்கச்சி பப்புல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க விட்ட?

— நீ பெரிய மனுஷன் வேஷம் கட்டின, ஆடட்டும்னு விட்டேன். அவிழ்க்க வேண்டியது நீ.

— என்கிட்ட? என்கிட்ட ஏன்டி சொல்லல?

— எதுக்குச் சொல்லணும்? என் கூடப் பிறந்தவனைக் கம்பி இல்லாம ஆலங்கட்டியில விட்டுட்டு, ஆம்பளைத்தனம் பேசிட்டுப் போன ஆளு நீ. அவன் செத்திருந்தா? உனக்கு நான் நல்ல பேர் வாங்கித் தரணுமா? பதினொரு மாசமில்ல, பதினொரு வருஷம் வேகட்டும்னு இருந்தேன். இன்னைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். ஜாக்கெட்டைத் தூக்கிப் போடறேன்னியே, அதான் தாங்கல.

— என்ன தட்டியிருந்தேன்?

— எழுத்தெல்லாம் தாறுமாறா இருக்கும். விரல் மரத்துப் போச்சுல்ல.

— மார்சலி, என்ன எழுதியிருந்தான்?

— "கம்பி என்கிட்ட இருக்கு. கேலம் ஆத்து வழியில இருக்கான், கூடாரம் இல்லாம. எல்லாரும் அங்க போங்க. என்னைத் தேட வேண்டாம்."