தினேசனைப் பற்றி ஏழு கடிதங்கள்

தேத்தண்ணி வேண்டாம் என்பது ஒரு குற்றமில்லை. என் வாக்குமூலத்தை எழுதுகிற உங்களுக்கு அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைச் சின்னப் புத்திக்காரன் என்று நினைக்க வேண்டாம்.

சுவிசில் ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்தில் எங்கள் மாடிக்கட்டடம். அங்கே நான்தான் ஹவுஸ்வார்ட், கட்டடத்தைப் பார்க்கிற ஆள். படி கூட்டுவதும், உடுப்புத் தோய்க்கும் அறைக்கு முறை போடுவதும் என் வேலை. தினேசன் மூன்றாம் மாடி. மனைவி இறந்தபின் எட்டு வயது ரிஷானியைத் தனியே வளர்த்தவர். மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்திருந்தார். அவர்கள் தேத்தண்ணி, கோப்பி தொடமாட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் வைத்த கோப்பை வைத்தபடி இருக்க எழும்பி வருவார். எங்கள் சனத்துக்கு அது செருப்பால் அடித்த மாதிரி.

என் மனைவி யோகாம்பாள் மட்டும் அவரைக் கோபிக்கவில்லை. ஞாயிறுகளில் அவர் வீட்டுச் செபத்துக்குப் போனாள். அங்கிருந்து அவள் சிரிப்பது படியில் கேட்கும். எங்கள் வீட்டில் அவள் சிரித்துக் கனகாலம்.

பின்னேரங்களில் பிள்ளை தனியே இருக்கிறது என்று பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்தது நான். அது கடமை. பிள்ளையைத் தகப்பனிடம் விடலாமா என்று அயலவரிடம் எழுத்தில் கேட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு டொச், அதுதான் ஜெர்மன், எழுத வராது. ஆகவே அவர்கள் சொல்வதை எழுதிக்கொடுக்க நான் வீடு வீடாகப் போனேன்.

தினேசனே ஒருமுறை சொல்லியிருந்தார். அமெரிக்காவில் அவர்களுடைய சபையைத் தொடக்கியவர்கள் சோம்பேறிகள், பொய்யர்கள் என்று அயலவர்கள் அந்தக் காலத்தில் சத்தியக் கடதாசி கொடுத்தார்களாம். "ஒரு ஆள்தான் திரிஞ்சு சேர்த்தது, அண்ணை. கனக்கக் கடதாசியிலை வசனம் ஒரே மாதிரி. அப்ப கதைக்கிறது அயலவனோ, எழுதினவனோ?"

நல்ல கேள்வி. அதனால் ஏழு கடிதங்களையும் ஏழு விதமாக எழுதினேன். தேத்தண்ணி குடிக்காத பெருமைக்காரன் என்றுதான் தயாபரன் சொன்னார். பிள்ளையைப் பட்டினி போடுகிறார் என்று எழுதினேன். செபச் சத்தம் கேட்குது என்றாள் கஜலக்சுமி. பிள்ளை அழும் சத்தம் என்று எழுதினேன். இரண்டில் கொஞ்சம் புகழ்ந்தும் வைத்தேன். முழுக்கத் திட்டினால் நம்பமாட்டார்கள். எல்லாரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்து, எனக்குத் தேத்தண்ணியும் தந்தார்கள்.

ரிஷானி இப்போது நொஷாட்டல் பக்கம் ஒரு வளர்ப்புக் குடும்பத்தோடு இருக்கிறாள். பிரெஞ்சு கதைக்கிறாளாம். தினேசன் வேலைக்குப் போவதில்லை. தன் முறை வரும்போது அவளுடைய சட்டைகளைத் தோய்த்துக் காயப் போடுகிறார்.

ஏழாவது கடிதம் யோகாம்பாளுடையது. "அவர் நல்ல மனுசன். பிள்ளை அவரோடைதான் இருக்கோணும்" என்று சொன்னாள். முடிந்ததும், "நான் சொன்னதைத்தானே எழுதினியள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். செபத்தின்போது அவர் பிள்ளையை அடித்ததைக் கண்ணால் கண்டேன் என்று அதில் இருந்தது. அந்த வீட்டுக்குள் போய்வந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அதைத்தான் நம்பினார்கள்.

அவளிடம் சொல்லத்தான் வேண்டுமென்றால் சொல்லுங்கள். பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அது பொய்ச் சாட்சியம் ஆகிவிடும்.