இசட் எச் போடுகிற ஆள்

எனக்கு விடுமுறை என்றால் உயிர், ஐயா. அதிலும் கடல் என்றால் கேட்கவே வேண்டாம். நான் ஒரு சிடுமூஞ்சி என்று என் மாமியார் வீட்டில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் காவல் நிலைய எழுத்தர் விடுப்பில் இருப்பதால் வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்கிறேன் என்றேன். நீங்களும் உங்கள் கணினியையே திறந்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். நன்றி. மூன்று நாளாக லாக்கப்பில் இருக்கும் என் சகலை வீட்டுக் காவலாளி இன்று மாலை ஆறு மணிக்குள் தான் காவல் பார்க்கும் குடியிருப்பின் வாசலில் நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அவரை விடுவிக்கும் உத்தரவும் இதே கணினியிலிருந்துதான் போக வேண்டும் என்றீர்கள். அதனால் வளவளவென்று இழுக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓர் அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்புப் பொறுப்பாளர். நூற்று நாற்பது பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் விடுமுறைக்கு முன்னால் அவர்களைக் கூட்டி ஒரு மணி நேரம் பேசுவேன். வீடு திரும்பும்வரை இணையத்தில் படம் போடாதீர்கள், விடுதி வைஃபையில் வங்கி வேலை பார்க்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைக்காதீர்கள் என்று சொல்வேன். பிஸ்கட் தீரும்வரை கூட்டம் இருக்கும்.

இந்த முறை மாமியார் குடும்பத்தோடு பத்து நாள் கடற்கரை விடுதிக்குப் போனோம். அதே பேச்சை ஏழு விதிகளாகச் சுருக்கி, லேமினேட் செய்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். மாமியார் அதை விசிறியாக்கிக்கொண்டார். "காத்து நல்லா வருது மாப்பிள்ளை" என்றார். கிண்டல் இல்லை, பாராட்டித்தான் சொன்னார்.

இனி என் சகலை. என் மனைவியின் தங்கை கணவர், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். அவர்மேல் எனக்கு எந்த மனக்கசப்பும் கிடையாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கிளம்பிய அன்றே பயணச்சீட்டைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினார். அடுத்து விடுதி அறை எண். அதற்கடுத்து, பூட்டிய வீட்டுக் கதவைப் படம் போட்டு, பத்து நாளைக்கு வீட்டுக்கும் லீவு என்று எழுதினார். பக்குவமாக எடுத்துச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்ன பதில்: "சகலைக்குப் பூட்டுன்னுதான் பேர் வெச்சிருக்கணும். சாவிதான் எங்கயோ தொலைஞ்சு போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மனைவி மற்றவர்களைவிட நாலு விநாடி கூடுதலாகச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் என் பெயர் பூட்டு.

என் பையில் எப்போதும் ஒரு கையடக்க வைஃபை பெட்டி இருக்கும். அதற்கு அந்த விடுதியின் பெயரையே, கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூட்டி வைத்தேன். சேர வருபவரிடம் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்கும்படி ஓர் இணையப் பக்கமும் செய்தேன். சும்மா ஒரு சோதனைதான். அரை மணி நேரத்தில் மொத்தக் குடும்பமும் வந்து விழுந்தது. சகலையின் கடவுச்சொல் அவர் மனைவியின் செல்லப்பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். எல்லாக் கணக்குக்கும் அதுவேதான்.

மறுநாள் காலையில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். போனால், அவர் அவித்த முட்டையை மூக்கின்மேல் நிறுத்தி வித்தை காட்டிக்கொண்டிருந்தார். இடையில் புகுந்து பேசுவது நாகரிகமில்லை. அறைக்குத் திரும்பி அவருடைய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிற அம்மாவுக்கு, சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது என்று எழுதியிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஐயா.

திருடன் வருவான், அப்போது புத்தி வரும் என்று பொறுத்திருந்தேன். ஏழு நாள், தினம் பதினைந்து படம். ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் யாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை.

எட்டாம் நாள், அலுவலகத்தில் அவசரம் என்று சொல்லிக் கிளம்பினேன். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் மட்டும் விசிறியை ஆட்டி வழியனுப்பினார்.

சாவி சொன்ன இடத்தில் இருந்தது. பாத்திரம் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சி, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, நகை டப்பா எல்லாவற்றையும் எடுத்தேன். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அது அடுத்தவர் அந்தரங்கம். காவலாளிக்கு என்னை நன்றாகத் தெரியும். ரிப்பேருக்கா சார் என்று கேட்டு, தொலைக்காட்சியின் ஒரு முனையைப் பிடித்து வேனில் ஏற்றிக் கொடுத்தார். எழுதி வாங்காமல் பொருளை வெளியே விட்டது பாதுகாப்பு விதிப்படி தவறு. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவர்கள் ஊர் திரும்பிய அன்று நானும் போய் நின்றேன். கொழுந்தியாள் காலி அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதாள். இப்போதாவது யாராவது அந்தப் படங்களைப் பற்றிப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வந்து காவலாளியை விசாரித்தீர்கள். அந்த வீட்டு சாரோட சகலைதான் எடுத்துட்டுப் போனார் என்று அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். சகலைக்கு வந்த கோபத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

"யாரைப் பத்தி என்ன பேசுறே? அவர் எங்க குடும்பத்துக்கே பூட்டுய்யா" என்றார்.

முதல் தடவையாக அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. காவலாளி என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார்" என்றார். நான் வருத்தத்தோடு தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்து அவரை ஜீப்பில் ஏற்றியது நீங்கள்தான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாடம் பாதியில் நின்றுபோயிருக்கும்.

இரண்டு நாள் பார்த்தேன். சகலை தொலைக்காட்சி இருந்த வெற்றுச் சுவரையும் படம் எடுத்துப் போட்டார். இதற்குமேல் பொறுக்க முடியாமல், அவர் கணக்கிலிருந்தே குடும்பக் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். எல்லாம் என் பிழை, சகலை காட்டிய வழியில் போயிருந்தால் இந்த இழப்பு வந்திருக்காது, இனி வாழ்நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்பேன் என்று எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே மனம் நெகிழ்ந்தது.

ஒரு மணி நேரத்தில் கொழுந்தியாள் கைப்பேசியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இதுல அஞ்சு ழ இருக்கு மாமா. அஞ்சுக்கும் இசட் எச். எங்க வீட்டுக்காரர் பழத்தையே எல் போட்டுப் பலம்னு அடிக்கிற மனுஷன். நம்ம குடும்பத்துல இசட் எச் போடுற ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ழகரத்துக்கு எல் போட எனக்குக் கை வராது, ஐயா.

என் மனைவி எழுந்து போய்ப் பரண் கதவைத் திறந்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் தங்கையின் இஸ்திரிப்பெட்டி இருந்தது. "அந்த மனுஷன் மூணு நாளா உள்ள இருக்காரு. உங்களுக்குச் சாப்பாடு எப்படிங்க இறங்குச்சு?" என்றாள். நன்றாகத்தான் இறங்கியது என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவளே என்னை இங்கே கூட்டிவந்தாள்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். பொருள்களை எடுத்தது நான், செய்தி அனுப்பியதும் நான். காவலாளி ஒரு பாவமும் அறியாதவர். அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. தயவுசெய்து அவரை உடனே விட்டுவிடுங்கள்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். உங்கள் கடவுச்சொல்லை மஞ்சள் சீட்டில் எழுதித் திரை ஓரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அதன் முன்னால் ஒரு குற்றவாளியைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் மட்டும் கெட்டவனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன், கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். இந்தத் தாள் அச்சாகி வெளியே வருவதற்குள் கணினி தானாகவே பூட்டிக்கொள்ளும். மணி இப்போது ஐந்து நாற்பது.

புதிய கடவுச்சொல் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள், ஐயா. அதையெல்லாம் யாரிடமும் சொல்லக் கூடாது.