கேள்வி குறைவான சிகிச்சை

என் மனைவிக்குத் துணி துவைப்பதில் அலாதிப் பிரியம் என்றால் யாரும் நம்புவதில்லை. இயந்திரம் வாங்கித் தந்த பிறகும் என் வேலைச் சட்டைகளை மட்டும் கையால்தான் துவைப்பாள். ஊறவைக்கும் முன் வீட்டின் பின்பக்கம் நின்று ஒவ்வொன்றையும் நன்றாக உதறுவாள். வெள்ளைத் தூசி பறக்கும். "சம்பளத்தோட பாதி கம்பெனியையும் சட்டையில கொண்டுவந்துடுறீங்க" என்று கிண்டல் செய்வாள்.

நான் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு செய்யும் ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். அங்கேயே சலவை அறை உண்டு. வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்ற அறிவிப்பை அதன் கதவில் ஒட்டியவனே நான்தான். ஆனால் ஊரார் வியர்வையோடு என் சட்டையையும் ஒரே தொட்டியில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. எனக்குச் சுத்தம் முக்கியம்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மீசோதெலியோமா என்றார். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோயாம்.

"ஒரு பக்கத்துலதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணி அந்த உறையை எடுத்துட்டு மருந்தும் ஏத்தலாம். இல்லைன்னா மருந்து மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். ரெண்டும் வேண்டாம்னா, நெஞ்சுல தண்ணி சேரும்போதெல்லாம் ஊசி போட்டு எடுத்துவிடலாம், அவ்வளவுதான். முழுசா குணமாகும்னு சொல்லமாட்டேன். ஆனா முதல் வழியில வருஷக்கணக்குலகூட நாள் கிடைக்கலாம். வீட்டுல யாராவது ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தீங்களா?"

"இல்லைங்க" என்றேன். வாய் கூசவில்லை.

"சரி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க அம்மாவையே உட்காரவச்சு எல்லாம் விசாரிப்பாங்க. இது எதனால வருதுன்னும் அவங்களுக்கு விளக்கிச் சொல்வாங்க."

விளக்கிச் சொன்னால் அவளுக்கு என் சட்டைத் தூசிதான் நினைவுக்கு வரும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. 'எங்க வீட்டுக்காரர் மாதிரி வராது' என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவாள். அந்த முகம் என்னை வேறு மாதிரி பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் தண்ணீர் மட்டும் எடுக்க ஏற்பாடு செய்தேன். அங்கே யாரும் எதையும் கிளறுவதில்லை.

ஒவ்வொரு முறையும் நானே கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்வார்கள்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் விடாப்பிடியாகக் கேட்டாள். "வேற வைத்தியமே இல்லையாப்பா?"

"இருக்கும்மா. அம்மாதான் ஆபரேஷன்னா செத்தாலும் வேண்டாங்கிறா. அதைப் பத்திப் பேசினாலே அழறா, நீ எதுவும் கேட்காதே."

மகள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை.

கடைசியில் படுக்க முடியாமல், தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஆபரேஷன் கீபரேஷன் எதுவும் கிடையாதா? இருந்தா சொல்லுங்க, பண்ணிக்கிறேன். எனக்குப் பயமில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும் போல இருக்கு."

"டாக்டரே கையை விரிச்சுட்டார்மா" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அது நடிப்பில்லை.

"அழாதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களால ஆனதெல்லாம் பண்ணீங்களே" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த வாரமே போய்விட்டாள்.

பிறகு மகள் அந்த டாக்டரைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். அம்மாவைக் கொன்றது நான்தான் என்கிறாள். இருக்கட்டும், மறுக்கவில்லை. நோயைக் கொண்டுவந்து கொடுத்ததும் நான், மருந்தைத் தடுத்ததும் நான். ஆனால் கட்டிய கணவனை வெறுக்கும் கஷ்டம் மட்டும் அவளுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன். அவளுக்காக அந்த அளவு யார் செய்வார்கள்?