டேய் என்று தொடங்கும் சாட்சியம்

அதை மட்டும் ஆஃப் பண்ணிடும்மா. சிவப்பு லைட் எரியுதே, அதைத்தான். பேனாவால எழுதிக்கோ, வேண்டாங்கல. நீ எழுதினா அது உன் வார்த்தை. அந்த மிஷின்ல ஏறிச்சுன்னா அது என் வார்த்தையாயிடும். கோவிச்சுக்காத, பட்டவ சொல்றேன்.

ஆமா, நீ கேக்க வந்தது அந்த ஒரு வரியைத்தானே? எல்லாரும் அதுக்குத்தான் கூப்பிடுறாங்க. கட்டடத் தகராறுங்க எப்படித் தீருதுன்னு படிக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் எங்க கேஸு பாடமாமே. வடிவமைப்பாளர் தானே தப்பை ஒத்துக்கிட்ட கேஸு. உனக்கு முன்னாடி கேட்டவங்களையெல்லாம் முடியாதுன்னு அனுப்பிட்டேன். உன்னை மட்டும் ஏன் வரச் சொன்னேன்னா... சொல்றேன், இரு. டீயைக் குடி முதல்ல, ஆறிடும்.

உங்க பாடத்துல என்னதான் போட்டிருக்கு, படி பாப்போம். ம். வடிவமைப்பாளர் ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி. அவ்ளோதானா? அந்த ஒப்பந்ததாரர் யாருன்னு போடலியா?

என் தம்பிம்மா. கூடப் பொறந்தவன். ஏன் இப்படி முழிக்கிற? பேரை எடுத்துட்டாங்க, சரி. உறவையும் சேத்து உருவிட்டாங்களா! நல்லா நடத்துறாங்க பாடம்.

நான் டிராயிங் போடுவேன், அவன் கட்டுவான். ஊர்ல பாதிப் பேர் வீடு எங்க கைபட்டதுதான். அப்ப ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் வந்தாரு. மூணு மாடி வேணும், நடுவுல தூணே இருக்கக்கூடாது, உள்ள நுழைஞ்சா கடைசி சோபா வரைக்கும் கண்ணுல படணும்னாரு. நீளமான பீம் போட்டாத்தான் அது நடக்கும். கணக்குப் போட்டேன், மறுபடி போட்டுச் சரிபாத்தேன், குடுத்தேன். அவன் கட்டினான். கடை திறந்து ஒரு வருஷம்கூட ஆகல, ரெண்டாவது மாடித் தளம் நடுவுல இறங்கிடுச்சு. விரிசல்ல நகம் நுழையுது. கடைக்காரர் எங்க ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டாரு.

இந்த மாதிரி கேஸ்ல கேள்வி என்ன, உனக்குத் தெரியாததா? வரைஞ்சதுல தப்பா, கட்டினதுல தப்பா. அவன் தப்பிச்சா நான் மாட்டணும். நான் தப்பிச்சா அவன் மாட்டணும். ஆளுக்கொரு வக்கீல். கேஸ் முடியுற வரைக்கும் ஒருத்தரோட ஒருத்தர் மூச்சு விடக்கூடாதுன்னாங்க. ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தம்பியோட பேச எனக்கு வக்கீல் அனுமதி வேணுமாம்!

அந்த மெசேஜ் அதுக்கெல்லாம் முன்னாடி போட்டது. தளம் இறங்கின சேதி தெரிஞ்ச அன்னைக்கு. கடை மாடிப்படியிலயே உங்க தம்பி உக்காந்து அழறாரு, எங்களால பாக்க முடியலன்னு மேஸ்திரி கூப்பிட்டுச் சொன்னாரு. நான் வெளியூர்ல இருந்தேன். ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறான். மெசேஜ் போட்டேன். டேய், அழாதடா. எல்லாத்தையும் உன் தலையில தூக்கிப் போட்டுக்காத. என் கணக்குலயும் தப்பு இருக்கலாம். அக்கா வந்துட்டே இருக்கேன். இதுதான் முழுசு. உங்க பாடத்துல அந்தக் கணக்கு வரி மட்டும்தான் இருக்கும், பாரு. இருக்கா? அதான்.

என் கணக்குல நிஜமாவே தப்பு இருந்துச்சான்னு கேக்குறியா? நல்ல கேள்வி. விசாரணையில யாரும் என்னை இப்படிக் கேக்கல, ஆமாவா இல்லையான்னுதான் மிரட்டினாங்க. தப்பு இல்லம்மா. தூக்கம் வராதப்பல்லாம் எடுத்துப் போட்டுப் பாக்குறேன், விடை மாறவே மாட்டேங்குது. கான்கிரீட் இறுகுறதுக்கு முன்னாடியே முட்டுக் குடுத்த கம்பங்களை அவன் பிரிச்சிருப்பான். சீக்கிரம் முடின்னு கடைக்காரர் கழுத்தை நெரிச்சிருப்பாரு. நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் கிடையாது. அழறவன்கிட்ட என்னம்மா சொல்றது? உன் தப்புதான்டா, நல்லா அழுன்னா?

கோர்ட் இல்ல, நடுவர் ஒருத்தர்தான் விசாரிச்சாரு. அந்த ரூம் எப்படி இருந்துச்சுன்னா, நீளமா ஒரு மேஜை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணி பாட்டில். ரெண்டு தரப்பு நிபுணர்களையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு ஒரே கேள்வியைக் கேட்டாங்க. ஒருத்தர் டிராயிங்குங்கிறாரு, ஒருத்தர் கட்டினதுங்கிறாரு. நடுவருக்கே தலை சுத்திருச்சு. அப்பத்தான் தம்பியோட வக்கீல் எந்திரிச்சாரு. கோட்டு, டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. நடுவர் மூஞ்சியப் பாத்து, டேய், அழாதடான்னு படிக்கிறாரும்மா! டைப் அடிக்கிற பொண்ணு, சார், டேய்யையும் அடிக்கணுமான்னு கேட்டுச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்த நேரத்துலயும். சட்டுன்னு தம்பியப் பாத்தேன். சின்ன வயசுல இப்படி ஏதாவது நடந்தா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தா போதும், அடக்க முடியாம வெளிய ஓடிடுவோம். அவன் பாட்டில்ல ஒட்டியிருந்த பேப்பரைக் கிழிச்சுக்கிட்டிருந்தான். நிமிரவே இல்ல.

அப்புறமென்ன. தப்புல பெரும்பங்கு வரைஞ்சவங்களோடதுன்னு தீர்ப்பு வந்துச்சு. ஆபீசை மூடிட்டேன். கையெழுத்துக்கு மதிப்புப் போனப்புறம் யாரு டிராயிங் கேட்டு வருவா? அதுகூடப் போகட்டும். என் வக்கீல் கை குடுத்து, மேடம், இனிமே நீங்க தம்பியோட தாராளமாப் பேசலாம்னாரு. ஒரே படியில இறங்குறோம், அவன் சுவத்தோரமா, நான் கைப்பிடியோரமா. ஒரு வார்த்தை இல்ல. இன்னைக்கு வரைக்கும் பேச்சில்ல. தகராறு தீர்ந்துடுச்சுன்னு நீ எழுதிக்கலாம், தாராளமா எழுதிக்கோ. தோத்ததுக்குக் கோவமில்லம்மா. அவனுக்காக எழுதினதுன்னு தெரிஞ்சும் அதை எடுத்து வக்கீல் கையில குடுத்தான் பாரு, அதுதான் ஆறவே மாட்டேங்குது.

அன்னையிலேருந்து யாருக்கும் எழுத்துல ஒண்ணும் குடுக்கிறதில்ல. இந்த பில்டிங் குரூப்புல ஞாயித்துக்கிழமை தண்ணித் தொட்டி கழுவலாமான்னு போடுவாங்க. ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்குவாங்க. நான் மூணு மாடி இறங்கிப் போய், செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, சரின்னு வாயால சொல்லிட்டு வருவேன். சிரி, சிரி. அதுல ஒரு ஆதாயமும் இருக்கு, ஒரு மனுஷ மூஞ்சியப் பாத்த மாதிரி ஆச்சு. தனியா இருக்கேன்மா, சொல்றதுக்கென்ன. சில நாள் சாயங்காலம் காய்காரர்கிட்ட விலை கேக்கும்போதுதான் அன்னைக்கு முதல் தடவையா என் குரலை நானே கேக்குறேன்.

என்ன சொன்ன? இரு, திரும்பச் சொல்லு. கேஸ்னு வந்துட்டா கைவசம் இருக்கிற எல்லாத்தையும் காட்டியே ஆகணுமா? மெசேஜ்கூடவா? அவன் வேண்டாம்னு தலைகீழா நின்னிருந்தாலுமா? அழிச்சிருந்தா அதுவே தனிக் குத்தமாயிருக்குமா?

என் வக்கீல் இதைச் சொன்னாரோ என்னமோ. பீரோவுல கிடந்த பேப்பரையெல்லாம் அள்ளிக் குடுத்தேன், எதுக்குன்னு கேட்டுக்கல. ஃபோன் ஞாபகமே வரல எனக்கு. அப்போ அவனா எடுத்துக் குடுக்கல. அவன்கிட்டேருந்து வாங்கிக்கிட்டாங்க. இத்தனை வருஷமா நான் அவனை என்னென்ன வைஞ்சிருக்கேன் தெரியுமா, இந்தச் சுவத்தப் பாத்து...

ஒண்ணுமில்ல, தூசி. தூசியெல்லாம் இல்ல, அழறேன்தான். இதை எழுதாத.

உன்னை ஏன் வரச் சொன்னேன்னு அப்புறம் சொல்றேன்னேன்ல? நீ கூப்பிட்டதுக்கு முதல் நாள் இது வந்துச்சு. இந்தா, நீயே பாரு. அவன் நம்பர்தான், நான் அழிக்கவே இல்ல. அக்கா, சாப்டியா. அவ்ளோதான். முன்னாடியும் ஒண்ணுமில்ல, பின்னாடியும் ஒண்ணுமில்ல. திறந்து திறந்து பாத்துட்டு மூடி வச்சிடுறேன். கேஸுங்களைப் படிக்கிற பொண்ணாச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் கூப்பிட்டேன். இதுக்கு என்ன பதில் போட்டா, நாளைக்கு யாரும் எந்திரிச்சு நின்னு அதைப் படிக்க மாட்டாங்க?

சாப்டேன்னு போட்டா போதுங்கிறியா? இன்னும் சாப்டலையேம்மா.