உள்ளே இருந்த இரண்டாவது ஜிப்

“மெசேஜ் வர்லன்னா ரத்தத்துல ஈயம் இல்லன்னு அர்த்தமாய்யா?” என்று மெர்சி ஆலை வாசலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்திருந்தா எட்வர்ட உலைக்கு உட்ருப்பனாம்மா?” என்றார் சூப்பர்வைசர் தணிகைவேல்.

சண்டை என்றால் கிட்டே போய்ப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றேன். மெர்சியின் புருஷன் எட்வர்ட் வலிப்பு வந்து உலையடியில் விழுந்து அன்றோடு இரண்டு நாள்.

“சுகிர்தாக்கா, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாத்துக்கினு இருக்கறது நீதான. நீயே சொல்லு.”

“அதுல பச்சைதாம்மா வந்துச்சு,” என்றேன். பொய்யில்லை.

பழைய பேட்டரி உருக்கும் ஆலை எங்களுடையது. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை உண்டு. லேப்காரர்கள் முடிவுகளை ஒரே ஜிப்பாக, ஃபைல்களைக் கட்டிய மூட்டை மாதிரி, அனுப்புவார்கள். அதற்குள் பிரிவுக்கு ஒரு ஜிப். அதற்குள்தான் ஆள்வாரியாக ரிப்போர்ட். கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பிரித்து, ஈயம் ஏறியவனுக்கும் தணிகைவேலுக்கும் மெசேஜ் அனுப்பும். மெசேஜ் வந்தவன் உலைப்பக்கம் போகக்கூடாது. வராதவன் டீ வாங்கித் தருவது வழக்கம்.

அதற்குமுன் நான் கையால் பிரித்து ஒருமுறை படித்துவிடுவேன். தெருவில் யாருக்கு என்ன என்று தெரிய வேண்டாமா.

பிப்ரவரியில் ஈயம் ஏறியவர்களில் ஸ்டீபன் பெயர் இருந்தது. என் தங்கை கிரேஸுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. தவக்காலம் என்பதால் கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு வைத்திருந்தோம். கிரேஸுக்கு முப்பத்துநாலு வயது. இரண்டு இடம் கலைந்தவள். இரண்டாவது கலைந்தபோது அவளை ரயில் பாதையிலிருந்து அழைத்து வந்தவள் நான். மாப்பிள்ளைக்கு ரத்தம் கெட்டிருக்கிறது என்று தெரு பேசினால் என்ன ஆகும் என்று, பேசுகிறவளுக்குத் தெரியாதா.

ஜிப்பை எத்தனை அடுக்கு பிரிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு என்றிருந்ததை ஒன்று ஆக்கினேன். வெளி ஜிப் பிரிந்தது, உள்ளே இருந்தவை அப்படியே கிடந்தன, வேலை முடிந்தது என்று பச்சை எரிந்தது. ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை. புது மாஸ்க்கின் பலன் என்றார் முதலாளி.

ஸ்டீபனை மட்டும் மறைக்க வழியில்லை. அவனோடு இன்னும் ஏழு பேர். எட்வர்டுக்குத்தான் அதிகம், மூன்று மாதமும் படித்தேன், மூன்று மாதமும் ஏறியது. மெசேஜ் வராத சந்தோஷத்தில் அவன் வாங்கித் தந்த டீயை நானும் குடித்தேன்.

“உன் வாயில எதுவும் தங்காதுக்கா,” என்பான். தங்கியது.

விழுந்த நாலாம் நாள் அவன் இறந்துபோனான். குடித்துக் குடித்தே வலிப்பு வந்ததாக ஒரு பேச்சு கிளம்பியது, கிளப்பியவள் நான். பிறகு யாரும் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை.

மெர்சி பிள்ளைகளோடு சோழவரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கிரேஸ் கல்யாணம் நன்றாக நடந்தது; புதுவாயலில் குடித்தனம்; இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஸ்டீபன் உலைக்குத்தான் போகிறான். கை கொஞ்சம் நடுங்குகிறது.

குழந்தை பிறக்கட்டும். அந்தக் கட்டத்தில் மறுபடி இரண்டு போட்டுவிடுவேன்.