கேற்றைப் பூட்டியது நான், சோதனை செய்தது சாருஜா

பெயர் வேலுப்பிள்ளை சீவரத்தினம். வயது அறுபத்து நான்கு. தொழில் கமம், அதாவது விவசாயம். முகவரி உரும்பிராய் தெற்கு. எங்கள் கமக்காரர் சங்கத்தின் தலைவரும் நானே. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. மிச்சத்தை நானாக வாசித்தேன். பொலிஸார் எழுதுவதை எனக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கூறுவதாவது:

என் இளைய மகள் சாருஜா, பாடசாலையில் ஆசிரியர் இல்லாததால், உயர்தர இரசாயனவியலை இணையவழியில் படித்துச் சித்தியடைந்தாள். அதன் பின்னர் நல்லூரிலுள்ள தனியார் கல்லூரியொன்றில் மருந்தாளர் படிப்புக்கு விண்ணப்பித்தாள். இணையவழிப் படிப்பை ஏற்பதாகவும், செய்முறையை யார் மேற்பார்வை செய்தார் என்பதை உறுதிப்படுத்த வேண்டும் என்றும் அறிவித்தார்கள். அவள் செய்முறைகளை எங்கள் குசினியில் கமராவுக்கு முன்னால் செய்தபோது பக்கத்தில் நின்றவன் நான். ஆகவே மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டு, உர மானியப் படிவங்களுக்குக் குத்தும் கமக்காரர் சங்க முத்திரையையும் குத்தினேன். முத்திரை இல்லாத கடதாசியை எங்கள் பக்கத்தில் எந்தக் கந்தோரும் தொடுவதில்லை. சாருஜா, "வேண்டாமப்பா, உது அங்கை எடுபடாது" என்றாள். நான் கேட்கவில்லை.

அனுமதிக்குக் கடைசி நாளான நேற்று இருவரும் கல்லூரிக்குப் போனோம். எழுதுவினைஞர் றமேஸ் முத்திரையைப் பார்த்து, "ஐயா, பிள்ளைக்கும் பசளை மானியமோ?" என்று சிரித்தார். அனுமதிப் பொறுப்பாளர் தனுஷா சிரிக்கவில்லை. "வீட்டிலை படிச்சது பிழையில்லை ஐயா. கை பழகினதை ஆர் பாத்ததெண்டுதான் கேக்கிறம். அடுத்த வருசம் பாப்பம்" என்றார். உங்கள் ஆய்வுகூடத்திலேயே இப்போது செய்யச் சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். நேரமில்லை என்றார்கள். சாருஜா முகம் கழுவ உள்ளே போனாள்.

அதன் பின்னர் நான் வெளியே வந்து, மோட்டார் சைக்கிளில் கிடந்த தோட்டத்துப் பம்ப் அறை ஆமைப்பூட்டால் கல்லூரிக் கேற்றைப் பூட்டி, அவளைச் சோதிக்கும் வரை திறக்கமாட்டேன் என்று சொல்லி நின்றேன். யாரையும் தொடவில்லை. மகள் உள்ளே நிற்பது பூட்டிய பின்னரே நினைவுக்கு வந்தது. அவள் வந்து, "என்னையும் சேத்தெல்லோ பூட்டிப்போட்டியள்" என்றாள்.

அதன் பின்னர் தனுஷா பொலிஸுக்கு அறிவித்துவிட்டு, "வாரும் பிள்ளை, அவையள் வருமட்டும் சும்மாதானே இருக்கப்போறம்" என்று அவளை ஆய்வுகூடத்துக்கு அழைத்துப் போனார். ஆய்வுகூட யன்னல் கேற்றுப் பக்கம் என்பதால் எல்லாவற்றையும் பார்த்தேன். சாருஜா கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தை அமிலத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். மெல்லிய ரோசா நிறம் வந்த அந்தச் சொட்டிலேயே குழாயை மூடினாள். தனுஷா குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார்.

அதன் பின்னர் பொலிஸார் வந்தார்கள். கேட்டவுடன் பூட்டின் திறப்பைக் கொடுத்தேன்.

பூட்டிய கேற்றுக்குள் எடுத்த சோதனை செல்லாது என்று கல்லூரியார் இப்போது சொல்கிறார்கள். நான் பூட்டியது வெளிக் கேற்றை மாத்திரம். ஆய்வுகூடக் கதவு திறந்தே கிடந்தது. தனுஷா தன் விருப்பத்தில்தான் அழைத்தார், அவரையே கேட்கலாம். சாருஜா என்னைப் பூட்டச் சொல்லவில்லை. நேற்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதும் இல்லை.

மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவார்களாம். கேட்கமாட்டேன். வழக்கை என் பெயரில் போடட்டும். சோதனையை அவளுடைய பெயரில் எழுதட்டும்.

இதை வாங்கி வாசித்தேன். "பதற்றத்தில் பூட்டினேன்" என்று எழுதியிருந்ததை வெட்டுவித்தேன். மிச்சமெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மையானது. இம்முறை கையெழுத்து மாத்திரம் வைக்கிறேன்.

வே. சீவரத்தினம்